கரப்பானும் கிருமித் தூளும்

என் மகளின் தலைப்பிள்ளைக்கு மூன்றாம் மாதத்தில் கன்னமும் கைகளும் சிவந்து கரப்பான் கண்டது. இரவெல்லாம் உறங்காது அழும். "பத்தியம் காவாது கத்தரிக்காய் தின்றாள்" என்று உற்றார் தாயையே பழித்தனர். கிழவியொருத்தி தாயத்துக் கட்டச் சொன்னாள், நகைத்து மறுத்தேன்.

மகள் மீண்டும் கருவுற்ற காலை, கரப்பானை வராது தடுக்கும் "நல்ல கிருமிகள்" அடங்கிய தூளொன்றைக் கடைக்காரர் காட்டினார். விலை மிகுதி. ஆயினும், பகுத்தறிவு பேசும் யான் பணப்பையைத் திறந்தேன். மகளே தடுத்தாள்: "அப்பா! தாயத்திற்குச் சான்று கேட்டீர்களே, இதற்குக் கேட்டீர்களா?"

நாணமுற்று ஆராயலானேன். 2001-ல் பின்லாந்து மருத்துவர்கள் வெளியிட்ட ஆராய்ச்சியில், கருவுற்ற தாய்மாருக்கும், பிள்ளைப்பேற்றின் பின் ஆறு மாதம் வரை பாலூட்டும் தாய்க்கோ குழந்தைக்கோ லாக்டோபாசிலஸ் என்னும் கிருமி கொடுக்கப்பட்டது. இரண்டு வயதில் கரப்பான் கண்ட குழந்தைகள் நூற்றுக்கு 23. வெறுந்தூள் பெற்றவருள் 46. மகிழ்ந்தேன். ஆனால், நம் சிங்கப்பூரிலேயே 253 குழந்தைகளைக் கொண்டு, பிறந்த பின் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த சோதனையின் முடிவு 2009-ல் வெளிவந்தது. ஓராண்டு வயதில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கிருமியின் இனமும் கொடுக்கும் காலமும் மாறினால் பலனும் மாறும் போலும். 2015-ல் உலக ஒவ்வாமைக் கழகம், இந்நோய்க்கு இலக்காகும் குடும்பத்தார் உட்கொள்ளலாம் என்றது. சான்று மிக வலிவற்றது என்றும் ஒப்புக்கொண்டது. தாய் உணவை விலக்கினால் கரப்பான் தடைபடும் என்பதற்கோ தக்க சான்றே இல்லை.

தூளை வாங்கவில்லை. இரண்டாம் குழந்தைக்குக் கரப்பான் வரவுமில்லை. வாங்கியிருப்பின், தூளே காத்ததென்று ஊரறியச் சாட்சி கூறியிருப்பேன் அன்றோ? தாயத்து வியாபாரமும் இவ்வாறே தழைக்கின்றது, அன்பர்களே!