விடுபட்ட எழுத்து

தாய்லாந்து செல்லும் இந்தியர்கள் குவாய் பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ரயில் பாதைக்குப் பலியான தமிழர்களைத் தேடி இரு நண்பர்கள் கழித்த ஒரு நாள்.

காலை மணி 6. பாங்காக் ஓட்டல் ஒன்றின் வாசலில் வெள்ளை வேன் காத்திருக்கிறது. ஏறுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் சென்னை நங்கநல்லூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மற்றவர் மலேசியாவின் கெடா மாநிலத்துக்காரர், பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1980-களின் தொடக்கத்தில் சென்னைக் கல்லூரி விடுதி ஒன்றில் ஒரே அறையில் இருந்தவர்கள். நாற்பதாண்டு நட்பு. சேர்ந்து வெளிநாடு போவது இதுதான் முதல் முறை.

வங்கி அதிகாரிக்கு இது சுற்றுலா. நேற்று மரகத புத்தர் கோயில், நாளை மிதக்கும் சந்தை, நடுவில் இன்று காஞ்சனபுரி. நண்பருக்கு அப்படியில்லை. "மத்ததெல்லாம் உன் இஷ்டம். காஞ்சனபுரி மட்டும் நான் சொல்றபடி" என்று புறப்படும் முன்பே நிபந்தனை போட்டுவிட்டார்.

2024-இல் மட்டும் 20 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் தாய்லாந்துக்குப் போனார்கள். பாங்காக், பட்டாயா, புக்கெட் என்று விரியும் அவர்களது பட்டியலில் காஞ்சனபுரியும் சில சமயம் இடம்பெறுகிறது. பாங்காக்குக்கு மேற்கே சுமார் 130 கிலோமீட்டர். பெயரில் இருப்பது நமக்குப் பழகிய வடமொழிதான்: காஞ்சனம் என்றால் பொன். பொன் நகரம். ஆனால் அந்த ஊரை உலகம் அறிந்திருப்பது பொன்னுக்காக அல்ல, சாவுக்காக.

வழிகாட்டி, நாற்பது வயதுப் பெண்மணி. அதே மாவட்டத்துக்காரர். நிதானமான ஆங்கிலம். வேன் நகர எல்லையைத் தாண்டியதும் அன்றைய நிரல் அடங்கிய அட்டையை நீட்டுகிறார்: பாலம், ரயில் பயணம், மதிய உணவு, அருங்காட்சியகம், போர்க் கல்லறை. "சைவமா? கவலை வேண்டாம். 'ஜே' என்று சொன்னால் போதும், மீன் சாறுகூடச் சேர்க்க மாட்டார்கள்" என்கிறார். நங்கநல்லூர்க்காரர் அந்தச் சொல்லை மந்திரம் போல மனப்பாடம் செய்துகொள்கிறார். மலேசிய நண்பர் அட்டையை இரண்டு முறை படித்துவிட்டுத் திருப்பித் தருகிறார். அவர் தேடியது அதில் இல்லை.

எட்டரைக்குப் பாலம். கறுப்பு இரும்பு வளைவுகள், கீழே பச்சைத் தண்ணீர், அதற்குள்ளாகவே கூட்டம். வழிகாட்டி முதலில் ஒரு திருத்தம் சொல்கிறார். 'குவாய்' என்று நீட்டிச் சொன்னால் தாய் மொழியில் எருமை. 'குவே' என்பதே சரி. கிளை நதி என்று பொருள். பாலம் கட்டியபோது இந்த ஆற்றுக்கு அந்தப் பெயரே கிடையாது. இது மே குளோங் ஆறு. பியர் பூல் என்ற பிரெஞ்சு எழுத்தாளர் 1952-இல் நாவல் எழுதி, 1957-இல் அது ஹாலிவுட் படமாகி ஏழு ஆஸ்கர்களை அள்ளிக்கொண்டு போனது. படம் பார்த்தவர்கள் குவாய் நதிப் பாலத்தைத் தேடி வந்து இறங்க, 1960-களில் ஆற்றின் பெயரை மாற்றிவிட்டார்கள். இத்தனைக்கும் படம் எடுக்கப்பட்டது இங்கே அல்ல, இலங்கையில்.

நடுவில் இருக்கும் இரண்டு இரும்புச் சட்டங்கள் மட்டும் வளைவாக இல்லாமல் கட்டமாக இருக்கின்றன. நேச நாட்டு விமானங்கள் குண்டு வீசித் தகர்த்த பகுதிக்குப் பதிலாகப் போருக்குப் பின் பொருத்தப்பட்டவை. வளைவானவை ஜப்பானியர்கள் ஜாவாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தவை. ஆண்டுதோறும் நவம்பர் கடைசியில் தொடங்கி இந்தப் பாலத்தில் ஒலி-ஒளிக் காட்சி நடக்கும். குண்டு விழுவதும் தீ எழுவதும் வாணவேடிக்கையாக.

ரயில் பாதை எதற்காக? 1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. மலாக்கா நீரிணை வழியாகக் கப்பலில் தளவாடம் அனுப்பினால் நேச நாட்டு நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. எனவே தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை காட்டையும் மலையையும் அறுத்து 415 கிலோமீட்டர் பாதை. வேலை தொடங்கிய ஆண்டு 1942. இரு முனையிலிருந்தும் வந்த தண்டவாளங்கள் சந்தித்தது 1943 அக்டோபரில். அடுத்த ஆண்டு இம்பால் மீது ஜப்பான் படையெடுத்தபோது பர்மா முனைக்கு ஆளும் அரிசியும் போவதற்கு இந்தப் பாதையும் பயன்பட்டது.

வேலை செய்தவர்கள் இரண்டு வகை. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சு, அமெரிக்கப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். அடுத்தது ஆசியத் தொழிலாளர்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவானியர், சீனர். மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. இறந்தவர்கள் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள்.

நண்பர் அதுவரை வாய் திறக்கவில்லை. பாலத்தின் நடுவே நின்று சொல்கிறார். "எங்க தாத்தா இதுக்குத்தான் வந்தாரு."

வழிகாட்டி திரும்பிப் பார்க்கிறார். நங்கநல்லூர்க்காரரும்தான். நாற்பது ஆண்டுகளில் அவரிடமும் சொன்னதில்லை.

பத்தே முக்காலுக்கு ரயில். மூன்றாம் வகுப்பு, மரப் பலகை இருக்கைகள், திறந்த ஜன்னல்கள். "இடது பக்கம் உட்காருங்கள்" என்கிறார் வழிகாட்டி. கரும்பு வயல்கள், மரவள்ளி, தூரத்தில் நீல மலை. அந்த ஒரு மணி நேரத்தில்தான் கதை வருகிறது.

கெடாவில் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தா பால் மரம் வெட்டுபவர். 1943-இல் ஆள் எடுக்க வந்தார்கள். சயாமில் ரயில் ரோடு போடுகிறார்கள், மூன்று மாதம், நல்ல கூலி, சாப்பாடு உண்டு என்றார்கள். போர் வந்து ரப்பருக்கு விலை போய், லயத்து வீடுகளில் அரிசிக்கே திண்டாட்டம். சிலர் தாமாகவே போனார்கள். போக மறுத்த இடங்களில் பிடித்துக்கொண்டு போனார்கள். தாத்தா எந்த வகை என்று குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. மூடிய சரக்கு வண்டியில் நின்றபடி கையை மட்டும் வெளியே நீட்டிய ஒரு ஆள். அப்பாவுக்குத் தன் தகப்பனைப் பற்றி இருந்த ஒரே ஞாபகம் அந்தக் கை. அது அவர் கைதானா என்றும் நிச்சயமில்லை.

"பாட்டி 1987-ல செத்தாங்க. அது வரைக்கும் தாலியைக் கழட்டலை. பொட்டும் வெச்சுக்கிட்டாங்க. செத்தார்னு யார் வந்து சொன்னா என்று கேப்பாங்க. திதி கொடுக்கவும் விடலை. அவங்க போன பிறகுதான் ஆடி அமாவாசைக்கு அப்பா கொடுக்க ஆரம்பிச்சார்." இறந்த நாள் தெரியாதவர்களுக்கு அமாவாசைதான் கணக்கு.

தாம் கிராசே வருகிறது. மலைச் சரிவை ஒட்டி மரக் கட்டைகளின் மேல் நிற்கும் நீண்ட பாலம். ரயில் நடக்கும் வேகத்துக்கு இறங்குகிறது. வலது பக்கம் கையை நீட்டினால் பாறை. இடது பக்கம் நேர் கீழே ஆறு. பயணிகள் எல்லாரும் எழுந்து இடது பக்கம் சாய்கிறார்கள், கேமராக்களோடு. நண்பர் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உளியும் சுத்தியலும் கொண்டு கையால் பிளந்த பாறை. 1943-இல் வேலையை விரைந்து முடிக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்தது. கூடவே மழைக்காலம், கூடவே காலரா. மலேரியாவும் சீதபேதியும் ஏற்கனவே இருந்தன.

இந்த இடத்தில் ஒரு கேள்வியை நங்கநல்லூர்க்காரர் எழுப்புகிறார். நோய் எல்லோருக்கும் ஒன்றுதானே, தொழிலாளர்கள் ஏன் இவ்வளவு அதிகமாகச் செத்தார்கள்? வழிகாட்டியிடம் பதில் இருக்கிறது. கைதிகள் ராணுவத்தினர். அவர்களோடு அவர்களது அதிகாரிகளும் மருத்துவர்களும் முகாமில் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, கழிப்பிடத்தைத் தள்ளித் தோண்டு என்று கட்டளையிட ஆள் இருந்தது. தோட்டத்திலிருந்து வந்தவர்களுக்கு அப்படி யாரும் இல்லை. கைதிகள் இறந்தால் பெயரையும் புதைத்த இடத்தையும் சக அதிகாரிகள் ரகசியமாகக் குறித்து வைத்தார்கள். போர் முடிந்த கையோடு அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு ஒரு குழு பாதை நெடுகப் போய்ப் புதைகுழிகளைத் தேடிக் கண்டுபிடித்தது. தொழிலாளர்களுக்கு அப்படி ஒரு பட்டியலே இல்லை.

பட்டியல் இருந்தால் என்ன கிடைக்கும் என்பது பிற்பகலில் தெரிகிறது. காஞ்சனபுரி போர்க் கல்லறையில் 6,982 கைதிகள். வெட்டிச் சீராக்கிய புல்வெளி, வரிசை தவறாத கற்கள், ஒவ்வொன்றின் மேலும் வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, தேதி, வயது. 22, 24, 31. நடுவில் பூச்செடிகள். நீக்கி முகாமில் காலராவில் இறந்து எரிக்கப்பட்ட 300 பேரின் சாம்பல் இரண்டே குழிகளில் இருக்கிறது. ஆனால் 300 பெயர்களும் மண்டபச் சுவரில் உண்டு. பிரிக்கப்படாத இந்தியாவின் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களும் தனியே பொறிக்கப்பட்டுள்ளன. இது படைவீரர்களுக்கான கல்லறை என்பதால் கூலிகளுக்கு இடமில்லை. விதி அப்படி.

அடுத்து, ஆற்றங்கரைப் புத்தர் கோயில் ஒன்றின் வளாகத்தில் 1977-இல் தொடங்கிய 'ஜீத்' அருங்காட்சியகம். கைதிகள் தங்கிய மூங்கில் குடிசையைப் போலவே கட்டியிருக்கிறார்கள். கைதிகள் வரைந்த ஓவியங்களின் பிரதிகள், துருப்பிடித்த கருவிகள். 'ஜீத்' என்றால்? பாதையோடு தொடர்புடைய நாடுகளின் ஆங்கில முதல் எழுத்துகளைக் கோத்த பெயர் என்கிறார் வழிகாட்டி. ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும், தாய்லாந்து, ஹாலந்து.

நண்பர் விரல் விட்டு எண்ணுகிறார். "மலேயா இல்லை. இந்தியா இல்லை. பர்மாவும் இல்லை."

"இல்லை" என்கிறார் வழிகாட்டி, தாழ்ந்த குரலில். பதினைந்து ஆண்டுகளாக இந்த விளக்கத்தைச் சொல்லி வருகிறாராம். இப்படி யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

இந்த விடுபடல் காஞ்சனபுரியில் மட்டும் நேர்ந்ததல்ல. ஹாலிவுட் படத்தின் கதாநாயகர்கள் பிரிட்டிஷ் கைதிகள். ஹெல்ஃபயர் கணவாயில் 1998-இல் நினைவு அருங்காட்சியகம் அமைத்தது ஆஸ்திரேலியா. வேலை வாங்கிய ஜப்பானிய ராணுவமே 1944-இல் பாலத்தருகே ஒரு நினைவுத் தூணை எழுப்பிவிட்டது. தமிழர்களுக்காக நெடுங்காலம் பேசியவை மலேசியக் குடும்பங்களின் வாய்மொழிக் கதைகளும், ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' போன்ற சில நாவல்களும்தான். 1990-இல் காஞ்சனபுரியின் கரும்பு வயல் ஒன்றில் மண்ணைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கான எலும்புக்கூடுகள் கிடைத்தன. ஒன்றுக்கும் பெயர் இல்லை.

மணி நாலரை. அட்டையில் இருந்த எல்லாம் முடிந்துவிட்டன. இனி பாங்காக் திரும்ப வேண்டும். அப்போதுதான் நண்பர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுக்கிறார். அதில் ஒரு கோயிலின் பெயர்: வாட் தாவோர்ன் வராராம். "கல்லறைக்குப் பக்கத்திலேயேதான் இருக்கிறது. அங்கே என்ன?" என்று கேட்கிறார் வழிகாட்டி. போகலாம் என்கிறார் நண்பர்.

வியட்நாமிய பாணிப் புத்தர் கோயில் அது. போருக்குப் பின் கிடைத்த ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகள் இந்த வளாகத்தில் சேர்க்கப்பட்டன. இங்கே 2023-இல் மலேசிய, தாய்லாந்துத் தமிழர்களின் முயற்சியால் ஒரு நடுகல் நிறுவப்பட்டது. சயாம் ரயில் பாதையில் மடிந்த தமிழர்களுக்காக, போர் முடிந்து 78 ஆண்டுகள் கழித்து.

நடுகல் தமிழர்களுக்குப் புதிதல்ல. கல்லைத் தேர்வதிலிருந்து நட்டு வாழ்த்துவது வரை படிப்படியாகச் சொல்கிறது தொல்காப்பியம். வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதுவது பழைய வழக்கம். வீரனுக்குத்தான் கல். பால் மரம் வெட்டப் போய், பிழைப்புக்காகவோ பிடிபட்டோ சயாம் வந்து, காலராவில் வாந்தியெடுத்துச் செத்தவன் வீரனா? பண்டை இலக்கணத்தில் இதற்கு இடமிருக்காது. ஆனால் இங்கே கல் நிற்கிறது. எழுதத்தான் ஆயிரக்கணக்கான பெயர்கள் கிடைக்கவில்லை.

நண்பர் செருப்பைக் கழற்றுகிறார். கோயில் வாசலில் வாங்கிய ஊதுபத்தியைக் கொளுத்துகிறார். படம் கிடையாது, தேதி கிடையாது. கொண்டுவந்திருப்பது ஒரு சின்னப் பொட்டலம்: வீட்டிலிருந்து கட்டி எடுத்து வந்த எள்ளும் அரிசியும். கல்லின் அடியில் வைத்துவிட்டு, தாத்தாவின் பெயரை ஒரு முறை உரக்கச் சொல்கிறார். தமிழ்நாட்டின் எந்தத் தெருவில் நின்று கூப்பிட்டாலும் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கக்கூடிய பெயர்.

"தோட்டத்துல அந்தப் பேர்ல நாலு பேர் இருந்தாங்களாம். நாலு பேரும் சயாம் போனாங்க. ஒருத்தரும் திரும்பலை" என்கிறார் பிறகு. "நாலு பேருக்கும் சேர்த்துத்தான் கூப்பிட்டேன்."

நங்கநல்லூர்க்காரர் எதுவும் பேசவில்லை. காலையிலிருந்து நூற்றுக்கும் மேல் படம் எடுத்தவர், இங்கே தொலைபேசியை வெளியே எடுக்கவில்லை. "ஏன்டா இத்தனை வருஷமா சொல்லலை?" என்று வேனில் ஏறும்போது கேட்கிறார். "என்னன்னு சொல்றது? செத்தார்னு சொல்றதா, காணாமப் போனார்னு சொல்றதா?" என்று பதில் வருகிறது.

வேன் கிளம்புகிறது. வெளிச்சம் குறைந்த கல்லறைப் புல்வெளி ஜன்னலில் கடந்து போகிறது. முன் இருக்கையிலிருந்து வழிகாட்டி திரும்புகிறார். அந்தக் கல்லின் பெயரை இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார். நண்பர் நிறுத்திச் சொல்கிறார்: ந-டு-கல். அவர் காலையில் காட்டிய அட்டையை எடுத்து, அச்சிட்ட பட்டியலின் அடியில், தாய் எழுத்தில் எழுதிக்கொள்கிறார்.