பாற்பல்லும் தேனும்

காஞ்சிக்கு மேற்கே உள்ள திருப்புட்குழி, மகப்பேறு வேண்டும் பெண்கள் நாடிவரும் ஊராகும். வறுத்த பயறும் அங்கே முளைக்கும் என்பது அவ்வாலயத்தார் நம்பிக்கை. நம் நம்பிக்கை வேறு. ஆயினும் பிள்ளைக்கு ஏங்கும் தாயுள்ளம் எங்கும் ஒன்றே. ஏங்கிப் பெற்ற மகவு ஈறு வலித்து இரவெல்லாம் அழுங்கால், அவள் படும் பாடு சொல்லுந்தரமன்று.

ஏறத்தாழ 6ஆம் மாதத்தில் கீழ்த்தாடையின் முன்பற்கள் அரும்பும். 3 வயதளவில் 20 பற்களும் நிறைவுறும். நாம் பாற்பல் என்பதை அரபியர் ‘ரவாளிஉ’ என்பர். பால் குடித்தலைக் குறிக்கும் வேர்ச்சொல்லிலிருந்தே அதுவும் பிறந்தது.

இப்பருவத்தில் குழந்தைகளை ஓதிப்பார்க்க எம்மிடம் கொண்டு வருவோர் பலர். சிலர் கையில் தேன்புட்டியும் இருக்கும். “ஹஜ்ரத், இதில் ஓதிக் கொடுங்கள், ஈறில் தடவவேண்டும். தேனில் ஷிஃபா உண்டென்று குர்ஆனே கூறுகிறதே!” என்பார் பாட்டியார்.

உண்மைதான். அந்நஹ்ல் அத்தியாயத்தின் 69ஆம் வசனத்தை மறுப்பார் யார்? ஆனால் நோன்பும் நன்மையே. அதைப் பால்குடிப் பிள்ளைமீது எவரும் சுமத்துவதில்லை. நன்மைக்கும் பருவம் உண்டு. தேனில் ஒருவகை நுண்ணுயிரின் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை வளர்ந்து நஞ்சை உண்டாக்கும். தசைகள் தளர்ந்து மூச்சும் தடைப்படலாம். வீட்டில் காய்ச்சுவதால் அவ்வித்துகள் அழியா. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் இந்நோய் 1976இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது.

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? 1350இல் மறைந்த இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள், ‘துஹ்ஃபத்துல் மவ்தூத்’ என்னும் நூலில், பல் முளைக்குங்காலத்தில் ஈறுகளைத் தேய்த்துவிடுமாறு கூறியுள்ளார்கள். இன்றைய மருத்துவரும் அதனையே கூறுகின்றனர். கையைச் சோப்பிட்டுக் கழுவி, விரல்நுனியால் ஈறை மெல்ல அழுத்தித் தேய்த்தல் வேண்டும். தூய துணியை நனைத்துக் குளிரவைத்து, அருகிருந்து கடிக்கக் கொடுக்கலாம். வடியும் எச்சிலை அவ்வப்போது துடைத்தால் கன்னம் புண்ணாகாது. வசம்பு வளையலின் துண்டு உடைந்தால் தொண்டையில் சிக்கும், அது வேண்டா. மரத்துப்போகச் செய்யும் பென்சோகெய்ன் களிம்பை 2 வயதுக்குட்பட்டோருக்குத் தடவலாகாது என 2018இல் அமெரிக்க மருந்துத்துறை எச்சரித்தது.

கடுங்காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கண்டால், “பல் முளைக்கிறது” என்று வாளாவிருத்தல் ஆகாது. பல்லின்மேல் பழியைப் போட்டு நோயை வளரவிடுவதே பெருங்கேடு. தாமதியாது மருத்துவரிடம் செல்க.

ஃபாத்திஹா ஓதிக் குழந்தையின் தலையை வருடுகிறோம். தேன்புட்டியை ஓராண்டு நிறையும்வரை எடுத்துவைக்கச் சொல்கிறோம். பாட்டியார் முகம் சற்று வாடும். தாயின் முகம் தெளியும். அல்லாஹ் நம் மழலைகளை நலமுடன் வளரச்செய்வானாக! ஆமீன்.