கரக்பூரில் பத்துமணிப் பூ

கரக்பூர் என்றதும் நம்மவர் பலருக்கும் நினைவில் வருவது அந்நிலைய மேடையின் நீளமே. 1072.5 மீட்டர்! ஒரு காலத்தில் உலகிலேயே நீண்டதெனப் பெயர் பெற்றிருந்த அம்மேடையை 2013இல் கோரக்பூரும், 2023இல் ஹூப்ளியும் விஞ்சிவிட்டன. சென்னை மெயிலில் செல்லும் அன்பர்கள் மேடையைக் காண்பர். அதற்கப்பால் கிடக்கும் செம்மண் பூமியைக் காண்பதில்லை. நாம் சொல்ல வந்தது அம்மண்ணைப் பற்றியே.

நமக்குக் கிடைத்த ரயில்வே குடியிருப்பின் முன்வாசல் வெறும் சிவந்த சரளை. முதலில் புல் பதித்தோம். கோடையில் குழாய் நீர் குடத்துக்கே போதாதபோது புல்லுக்கு எங்கே போவது? காய்ந்தது. சித்திரை மாலைகளில் எழும் 'கால்பைசாகி'ப் புயற்காற்று, வாசற்புழுதி முழுவதையும் சமையலறையில் கொணர்ந்து சேர்த்தது. அதுபற்றி இல்லாள் நமக்குக் கூறியவற்றை இங்கு எழுதுவதற்கில்லை.

இந்நிலை கண்டு, அடுத்த வீட்டு வங்காள மூதாட்டி ஒரு பிடி தண்டு ஒடித்துத் தந்தார். 'மாஷிமா' என்றே அவரை அழைப்போம். நம் ஊரில் டேபிள் ரோஸ், பத்துமணிப் பூ என்றெல்லாம் சொல்கிறோமே, அச்செடிதான். தென் அமெரிக்காவில் பிரேசில், அர்ஜென்டினா பகுதிகளுக்குரியது. தடித்த இலையிலும் தண்டிலும் நீரைச் சேமித்துக்கொண்டு, ஒரு சாணுக்கு மேல் உயராமல், தரையோடு தரையாகப் படரும். இதையறியாத நாம் துளசிக்கு வார்ப்பதுபோல் இருவேளையும் நீர் வார்த்து, எருவும் இட்டுச் சீராட்டினோம். பத்தே நாளில் அழுகிப்போயிற்று.

மறு ஆண்டு மாசியில் மாஷிமாவிடமே விதை வாங்கினோம். கசகசா அளவே உள்ள கருஞ்சாம்பல் விதைகள். மணலோடு கலந்து தூவ வேண்டும். மேலே மண் மூடலாகாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். முளைக்கும் வரை நீர் தெளித்தால் போதும். பின்னர் மண் உலர்ந்த பிறகே வார்க்கவேண்டும்.

அவ்வாண்டு தையில்தான், தந்தையார் காலமானபின், அன்னையாரை மன்னார்குடியிலிருந்து அழைத்து வந்திருந்தோம். மொழி தெரியாது, பேச ஆளில்லை. நாள் முழுவதும் சுவரை நோக்கி அமர்ந்திருப்பார். "என்னை ஊரிலே கொண்டுபோய் விட்டுவிடப்பா" என்பது ஒன்றே அவர் நம்மிடம் பேசிய பேச்சு.

ஒருநாள் நாற்றைக் கண்டு, "இது பருப்புக்கீரை ஜாதியல்லவா?" என்றாராம். உண்மைதான், இரண்டும் ஒரே இனம். கூட்டுக்குக் கிள்ளப் போனவரை வேலிக்கு அப்பாலிருந்து மாஷிமா கைகாட்டித் தடுத்து, தம் தோட்டத்துப் பருப்புக்கீரையைப் பறித்து நீட்டி, "நுனியா சாக்" என்றிருக்கிறார். மறுநாள் இங்கிருந்து கூட்டு சென்றது. அங்கிருந்து கடுகெண்ணெயில் வதக்கிய கீரை வந்தது. அவ்வெண்ணெயின் வாடையை அன்னையார் எவ்வாறு பொறுத்தார் என்பது நமக்கு இன்றும் வியப்பே.

சித்திரையில் வாசல் முழுவதும் பூ. வெயில் ஏற ஏற விரிந்து, பிற்பகலில் கூம்பிவிடும். மந்தாரமான நாளில் விரியவே மாட்டாது. ஒவ்வொரு பூவுக்கும் ஆயுள் ஒரு நாளே. அலுவலகத்துக்கு ஒன்பது மணிக்குமுன் புறப்பட்டு ஆறுக்குத் திரும்பும் நாம், ஞாயிறன்றி அதைக் கண்டதில்லை. ஆயினும் இரவு உணவின்போது கணக்கு வந்துவிடும்: "இன்றைக்குச் சிவப்பு பதினேழு, மஞ்சள் ஒன்பது. மாஷிமா வீட்டிலே நம்மைவிட ரெண்டு குறைச்சல்."

ஊருக்குப் போகும் பேச்சு அத்துடன் நின்றது.

ஆனியில் மழை பிடித்துக்கொள்ளவே, நீர் தேங்கிய இடத்துச் செடிகளெல்லாம் அழுகின. காய் முற்றினால் செப்பின் மூடிபோல மேற்பாதி கழன்று விதை சிந்திவிடும். அதற்குள் இரு மூதாட்டிகளும் குனிந்து குனிந்து சேர்த்துப் பொட்டலம் கட்டினர்.

ஆவணியில் வீட்டு ஓடு மாற்ற அன்னையார் ஊர் செல்ல நேர்ந்தது. பொட்டலமும் உடன் சென்றது. இப்போது மன்னார்குடி வாசலிலும் பூக்கிறதாம். காலை பத்து மணியளவில், நாம் அலுவலகத்தில் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்கையில், தொலைபேசியில் அழைப்பார்: "அங்கே இன்னிக்கு எத்தனைப்பா?"

நாம் இல்லாளைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறோம்.