மூச்சுக் கணக்கு

லேயில் வாடகை சைக்கிள் கொடுத்தவர் என்னையும் மைத்துனனையும் ஏற இறங்கப் பார்த்தார். "டாக்ஸியில மேலே போயிட்டு, இறங்கும்போது மட்டும் மிதிக்கலாமே? முக்கால்வாசிப் பேர் அப்படித்தான்" என்றார்.

விடுவோமா? ஊரில் ஞாயிறு தவறாமல் ஐம்பது கிலோமீட்டர் மிதிக்கிற வீரர்களாச்சே!

லே, சுமார் 3,500 மீட்டர் உயரம். கர்துங் லா கணவாய், 5,359 மீட்டர். (போர்டில் 18,380 அடி என்று எழுதி வைத்தார்கள். அளந்தால் 17,582 அடிதான். எண்ணூறு அடி போனஸ்!) இடையில் சுமார் 40 கிலோமீட்டர் ஏற்றம்.

உச்சியில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. பி.காம். படித்தவனுக்குப் புரியாதா? வரவு பாதி, செலவு இரட்டிப்பு. அதனால்தான் லேயில் மூன்று நாள் சும்மா கிடந்து உடம்பைப் பழக்கினோம்.

சவுத் புல்லு செக்போஸ்ட் வரை, 24 கிலோமீட்டர், பல்லைக் கடித்து மிதித்தாகிவிட்டது. அதற்கு மேல் நாங்கள் போனபோது சரளைக் கல்லும், பனி உருகி ரோட்டில் ஓடுகிற தண்ணீரும்தான். இருக்கிறதிலேயே சின்ன கியர். இருபது மிதி, நிற்பு. அப்புறம் பத்து மிதி, நிற்பு.

திரும்பிப் பார்த்தால் மைத்துனன் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு வாந்தி எடுக்கிறான்.

"மண்டை பிளக்குது மாமா... பரவால்ல, இன்னும் அஞ்சு கிலோமீட்டர்தானே?"

எனக்கும் அந்த ஐந்து கிலோமீட்டர் ஆசை இல்லாமலா? ரோட்டோரம் ஒரு கோடு கிழித்து, "இது மேல அடி மேல அடி வெச்சு நடடா" என்றேன். மூன்றாவது அடியில் தள்ளாடினான். பீர் வாசனைகூடத் தெரியாத பையன்!

வயிற்றில் புளியைக் கரைத்தது. உயரத்தில் மூளையில் நீர் கோத்தால் இப்படித்தான் தள்ளாடும். ஓய்வெடுத்தால் சரியாகிற சமாசாரம் இல்லை. உடனே கீழே இறங்கியாக வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

தள்ளாடுகிறவனை இறக்கத்தில் சைக்கிள் ஓட்ட விட முடியுமா? கீழே போன லாரியைக் கையைக் காட்டி நிறுத்தினேன். டிரைவர் ஒரு கேள்வி கேட்கவில்லை. அவனை முன்னால் உட்கார வைத்து, சைக்கிள்களைப் பின்னால் ஏற்றினார். லே ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத்தான் "பசிக்குது மாமா" என்றான். எனக்குப் போன மூச்சு வந்தது.

ராத்திரி மனைவி போனில், "உச்சிக்குப் போனீங்களா?" என்றாள்.

"இல்லை. உன் தம்பியைப் பத்திரமா கூட்டிட்டு வரேன்."

கர்துங் லா அங்கேயேதான் இருக்கும். அதற்கென்ன, டிரான்ஸ்ஃபரா வரப் போகிறது?