வறட்சிக்கு அசையாத ‘தாத்தாக்கள்’

தெற்கு ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரத்திலிருந்து வடகிழக்கே காரில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் போனால் ஈடன் வேலி என்ற மேட்டுப் பிரதேசம் வரும். அங்கே சாலையோரம் க்னாடன்பெர்க் என்று ஒரு சின்ன லூத்தரன் தேவாலயம். ஜெர்மன் பாஷையில் ‘அருள் மலை’ என்று அர்த்தம். எதிரே உள்ள திராட்சைத் தோட்டத்துக்கும் அதே பெயர்தான், இங்கிலீஷில்: ஹில் ஆஃப் கிரேஸ். ஆனால் போய்ப் பார்த்தால் மலையைக் காணோம்! மத நெருக்கடிக்குத் தப்பி, 1838 முதல் கப்பலேறி வந்த ஜெர்மானியர்கள் சொந்த மண்ணின் நினைவாக வைத்த பெயர் அது.

இங்குள்ள மிகப் பழைய கொடிகள் 1860 வாக்கில் நட்டவை. செல்லப் பெயர் ‘தாத்தாக்கள்’! ஜாதி ஷிராஸ், பிரெஞ்சுக்காரர்கள் சிரா என்பார்கள். வேறு தோட்டத்துப் பழம் கலக்காமல், இந்த ஒரே தோட்டத்துப் பழத்தில் 1958-லிருந்து ஒயின் செய்கிறார்கள்.

எல்லாம் மானாவாரிதான். குளிர்காலத்து மழையை அடியிலுள்ள களிமண் பிடித்து வைக்கும். ஆழமாக இறங்கிய வேர்கள் கோடையில் அதை உறிஞ்சிக்கொள்ளும். மழை பொய்த்தால்? பழம் சிறுத்துவிடும். சாறு குறைந்து, தோலின் பங்கு கூடிவிடும். நிறமும் துவர்ப்பும் தோலில்தானே இருக்கு? அதனால் வறண்ட வருஷத்து ஒயின் கறுத்து, அழுத்தமாக இருக்கும்.

அப்படியானால் வறட்சி நல்லதுதானே என்று நினைத்துவிடாதீர்கள். அளவு மீறினால் இலைகள் நுண்துளைகளை மூடிக்கொள்ளும், பழுப்பதே நின்றுபோகும். 2019 ஆஸ்திரேலியா முழுவதற்குமே பதிவேட்டில் மிக வறண்ட வருஷம். மகசூல் போனால் அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். 160 வருஷத்துக் கொடி பட்டுப்போனால் எந்தக் கடையில் வாங்குவது?

இதை உணர்ந்து தோட்டத்தைக் காப்பவர் ஒரு பெண்மணி! ப்ரூ ஹென்ஷ்கே. தாவரவியல் படித்தவர், ஹென்ஷ்கே குடும்பத்து ஐந்தாம் தலைமுறை ஸ்டீஃபனின் மனைவி. கொடிகளின் அடியில் மக்கிய உரம் போட்டு, மேலே வைக்கோல் பரப்பினார். வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் ஆவியாகாது. வரிசைகளுக்கு நடுவே அந்த ஊர்ப் புற்களையே வளரவிட்டார். பழைய கொடிகளில் நல்லவற்றிலிருந்து துண்டு எடுத்து நாற்றும் வளர்க்கிறார். மாதக் கடைசிக்கென்று அஞ்சறைப் பெட்டியில் காசு ஒதுக்குகிற புத்தி!

ஒயின் நமக்கு வேண்டாம். எந்த அளவு மதுவும் உடம்புக்குப் பாதுகாப்பானதல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. கர்ப்பிணிகள் தொடவே கூடாது. வைக்கோல் யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வோம். ரோஜாத் தொட்டியிலும் கறிவேப்பிலைச் செடியடியிலும் இரண்டு அங்குலம் காய்ந்த சருகு பரப்புங்கள். தண்டை ஒட்டி மட்டும் கொஞ்சம் இடம் விடுங்கள். கோடை வருமுன்னே செய்யணும், அதுதான் முக்கியம்!