அப்பாவுக்கு ஒரு டிரெட்மில்

மதுரை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பிக்கு,

 

அப்பாவுக்கு டிரெட்மில் வாங்கப்போகிறாய் என்று அம்மா போனில் சொன்னாள். வடிகாலுக்குத் தோண்டிப்போட்ட தெருவில் அவர் தடுக்கி விழுந்த பிறகு வேறு வழி இல்லைதான். சர்க்கரைக்கு மாத்திரை பாதி, நடை பாதி என்று டாக்டர் சொல்லியிருக்கிறாரே. ஆனால் நீ அனுப்பிய மிஷின் படத்தைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. நாங்கள் செய்த தப்பையே நீயும் செய்யப் பார்க்கிறாய்.

‘4 ஹெச்.பி.’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்ததை நம்பித்தான் நாங்களும் வாங்கினோம். அது ‘பீக்’ கணக்கு. மோட்டார் சில நொடி மூச்சைப் பிடித்துக் காட்டுகிற பலம். நிற்காமல் ஓடும்போது தருவது ‘கன்டினியூயஸ்’ ஹெச்.பி. எங்களுடையதில் அது 2தான். உன் அத்தான் 95 கிலோ. தினமும் முக்கால் மணி நேரம் ஓடினார். இரண்டாம் வருஷமே மோட்டாரில் கருகல் வாடை. அதே மிஷின் நடக்கிறவருக்கு உழைத்திருக்கும். ஆகவே, யார் ஏறப்போகிறார் என்பதை முதலில் முடிவு செய். அப்பா மட்டும் என்றால் கன்டினியூயஸ் 2 போதும். நீயும் ஓடுவாய் என்றால் 3 பார். ஏறுகிறவரின் எடையைவிட 20 கிலோவாவது கூடத் தாங்குவதாக இருக்கட்டும்.

நடைக்கு 120 சென்டிமீட்டர் நீள பெல்ட் போதும். ஓட்டத்துக்கு 140 வேண்டும். அப்பா காலை அகட்டி வைப்பார், அதனால் அகலம் 45-க்குக் குறைய வேண்டாம். மணிக்கு 1 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறதா, பிடித்துக்கொள்ளப் பக்கவாட்டில் நீளமான கம்பி இருக்கிறதா என்று பார். பாட்டு, திரை, முப்பது வகை புரோகிராம் எதற்கும் காசு கொடுக்காதே.

பரணுக்குக் கீழே இடம் இருக்கிறது என்றாயாமே? பரண் ஏழடி உயரம். அப்பா ஐந்தடி பத்து அங்குலம். மிஷின் தளம் அரையடிக்கு மேல் தூக்கும், நடக்கும்போது தலை இன்னும் எழும்பும். தலைக்கு மேல் கொஞ்சம்தான் இடைவெளி இருக்கும். ஹாலில் ஜன்னலைப் பார்த்துப் போடு. பின்பக்கம் ஆறடி காலியாக விடு. தடுமாறினால் பெல்ட் ஆளைப் பின்னால்தான் தள்ளும். ஏ.சி.க்குப் போடுகிற மாதிரி தனி பவர் பிளக், சரியான எர்த்தோடு வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடாது, இன்வெர்ட்டர் லைனும் கூடாது. நீ இருப்பது மூன்றாவது மாடி. அடியில் தடித்த ரப்பர் விரிப்பு போடாவிட்டால் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

வாரண்டியை மோட்டாருக்கு எத்தனை வருஷம், பெல்ட்டுக்கும் போர்டுக்கும் எத்தனை என்று பிரித்துக் கேள். இரும்புச் சட்டத்துக்கு ஆயுள் வாரண்டி தந்து என்ன? அது எங்கே கெடப்போகிறது? சர்வீஸ் ஆள் உள்ளூரிலேயே இருக்கிறாரா என்றும் கேள். எங்களுக்கு வெளியூரிலிருந்து வருவதற்குள் ஒரு மாதம் ஓடிவிட்டது. பெல்ட்டுக்கு அடியில் சிலிகான் எண்ணெய் மட்டும்தான் விட வேண்டும். உன் அத்தான் தையல் மிஷின் எண்ணெயை ஊற்றிய கதையை நேரில் சொல்கிறேன்.

சட்டையில் மாட்டுகிற பாதுகாப்புச் சாவியை அப்பா நிச்சயம் அலட்சியம் செய்வார். அதை அம்மா பொறுப்பில் விடு. நடந்து முடித்ததும் சாவியை எடுத்து ஒளித்துவிடு. பாப்பாவின் விரல் பெல்ட்டுக்குள் போக நொடி போதும்.

“அது என்ன மில்லு, மாவு அரைக்குமா?” என்று அப்பா கேலி செய்கிறாராம். நிஜமாகவே அரைத்ததுதான் என்று சொல். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளை மிதிக்கவிட்டுத் தானியம் அரைத்த சக்கரத்துக்குத்தான் முதலில் இந்தப் பெயர். போன வருஷம் ஆஸ்பத்திரியில் டி.எம்.டி. எடுத்தபோது அவர் நடந்ததும் டிரெட்மில்லில்தான் என்று ஞாபகப்படுத்து, பயம் தெளியும்.

படத்தைப் பார்த்து மட்டும் ஆர்டர் போட்டுவிடாதே. அப்பாவை அவருடைய ஷூவோடு கடைக்குக் கூட்டிப் போ. ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம் நடக்கவிடு. எதில் ஏறியதும் அவர் கம்பியை விட்டுவிட்டுக் கை வீசி நடக்கிறாரோ, அதை வாங்கு.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா