நான் ஒரு அரும்பு!

பம்மலில் கல்லை விட்டெறிந்தால் ஒரு பி.காம். தலையில்தான் போய் விழும். அப்படி விழக்கூடிய தலைகளில் அடியேனுடையதும் ஒன்று.

பத்திரிகைகளுக்கு எழுதி வரும் பணம் பால் பாக்கெட்டுக்கு ஆகும், வாடகைக்கு ஆகாது. அதனால் பல்லாவரத்தில் ஒரு மொத்த வியாபாரி, "சாயங்காலம் வந்து கணக்கு பாருங்க சார். எக்ஸெல் தெரியுமில்லே?" என்றபோது, "என்ன சார், இப்படிக் கேட்டுட்டீங்க!" என்றேன். கவனியுங்கள், 'தெரியும்' என்று நான் சொல்லவே இல்லை! ஒண்ணாம் தேதி வரச் சொல்லிவிட்டார். கையில் இருந்தது இருபது நாள்.

'ஆளுக்கேற்ற பாடம்' என்ற விளம்பரத்தைப் பார்த்து ஓர் ஆப்பை இறக்கினேன். பீச் ரயிலில் உட்கார்ந்து திறந்தால் முதல் கேள்வி: 'உங்களுக்கு எக்ஸெல் எவ்வளவு தெரியும்?' பக்கத்து ஸீட்டில், கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க ஓர் இளைஞர் என் போனையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் எதிரில் 'ஒன்றும் தெரியாது' என்று அழுத்த மனசு வருமா, நீங்களே சொல்லுங்கள்! 'நன்றாகத் தெரியும்' என்று அழுத்தினேன். அடுத்து, 'எதற்காகப் படிக்கிறீர்கள்?' கடைக் கணக்குக்கு என்று போட்டிருக்கலாம். ஆள் பார்க்கிறாரே! 'தகவல் ஆய்வு நிபுணர் ஆவதற்கு' என்று ஒரு தட்டு தட்டினேன்.

ஆப் அப்படியே நம்பிவிட்டது. கூட்டல் பாடத்தையெல்லாம் கண்ணிலேயே காட்டாமல் ஒளித்துவிட்டு, நேரே பிவட் டேபிளில் கொண்டுபோய்த் தள்ளியது. நடுநடுவே பரீட்சை வேறு. நாம் தடுமாறும் இடம் பார்த்து அது தன் கணிப்பைத் திருத்திக்கொள்வதற்கான ஏற்பாடாம். நான் விடுவேனா? கூகுளில் விடை தேடிப் போட்டு நூற்றுக்கு நூறு! 'பிரமாதம்' என்று பாராட்டி இன்னும் ஆழத்தில் தள்ளியது. பத்து நாள் காலி.

இந்த வித்தை புதுசில்லை. 1996-லேயே ஜெர்மனியின் டிரியரில், லிஸ்ப் என்ற கம்ப்யூட்டர் மொழியைக் கற்றுத்தர 'எல்ம்-ஆர்ட்' என்றொரு இணையப் பாடநூல் செய்தார்கள். ஒவ்வொரு பாடத்துக்குப் பக்கத்திலும் டிராஃபிக் சிக்னல் நிறத்தில் ஒரு புள்ளி. பச்சை என்றால் 'நீ தயார், போகலாம்'. சிவப்பு என்றால் 'முந்தின பாடம் பாக்கி'. படிப்பவருக்கு என்ன தெரியும், என்ன வேண்டும் என்று ஒரு குறிப்பு வைத்துக்கொண்டு, அதற்கேற்ப வழிகாட்டுவதுதான் சூட்சுமம். குறிப்பே பொய்யாக இருந்தால்? சிக்னலில் பச்சை விழும், எதிரே லாரி வரும்!

என் மனைவி அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. ராத்திரி நான் முழித்த முழியைப் பார்த்து விஷயத்தைக் கறந்துவிட்டாள்.

"இதையெல்லாம் நாங்க வெறும் அட்டையிலேயே பண்ணியாச்சுங்க" என்றாள். 2003-ல், எம்.பி. விஜயகுமார் கமிஷனராக இருந்தபோது, சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் பதிமூன்றில் ஆரம்பித்த செயல்வழிக் கற்றலைச் சொல்கிறாள். ஆந்திராவின் ரிஷிவேலியில் பார்த்து வந்த முறை. 2007-08-ல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. சுவரில் ஓர் ஏணிப் படம், படிக்கொரு சின்னம். அதே சின்னம் போட்ட அட்டையைப் பிள்ளையே எடுத்துவந்து பாயில் உட்கார்ந்து படிக்கும். பத்து நாள் காய்ச்சலில் கிடந்து வந்தாலும், விட்ட படியிலிருந்தே ஏறலாம். 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' வந்தபோது, பிள்ளைகளின் நிலை பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள்.

"கீழ் வட்டத்துல உட்காரப் பிள்ளைங்க ஒத்துக்குமா?" என்றேன்.

"மூணாங்கிளாஸ் பொண்ணு ஒண்ணு, 'டீச்சர், எனக்குக் கழித்தலே வரலை'ன்னு தானாவே போய் அரும்புல உட்கார்ந்துச்சு. ரெண்டே மாசத்துல மொட்டு. அது பி.காம். படிக்கலை பாருங்க, அதான் வெட்கப்படலை!"

சுருக்கென்றது. மறுநாள் கடைக்குப் போய் வியாபாரியிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு நிமிஷம் முறைத்தார். "சரி, கத்துக்கிற வரைக்கும் நோட்டுலயே எழுதுங்க. சம்பளம் பாதிதான்" என்றார். அந்த மிச்சப் பாதிதான் என் கவுரவத்துக்கு நான் கட்டிய அபராதம்.

ரயிலில் ஆப்பைத் துடைத்துவிட்டு மறுபடி திறந்தேன். அதே இளைஞர், அதே எட்டல். பல்லைக் கடித்துக்கொண்டு 'ஒன்றும் தெரியாது' என்று அழுத்தினேன். முதல் பாடம்: 'கட்டம் என்றால் என்ன?'

அவர் என் காதருகே குனிந்தார். "சார், அது எந்த ஆப்? ஆபீஸ்ல எனக்குத் தெரியும்னு சொல்லி வெச்சிருக்கேன்..."

நகர்ந்து இடம் விட்டேன். அரும்பு வட்டத்தில் இப்போது நாங்கள் ரெண்டு பேர்!